மிச்சமான 26 டாலர் எங்கே போனது?

ஒரு வீடியோ கேமை 60 டாலர் கொடுத்து வாங்கினால் அந்தப் பணம் யார் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் ஒரு கணக்கு வெளியிட்டது. கேமை வெளியிடும் நிறுவனத்துக்கு 27 டாலர். கடைக்காரருக்கு 15. கன்சோலைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு உரிமக் கட்டணமாக 7. விற்காமல் திரும்பி வரும் சரக்குக்காக இன்னொரு 7. டிஸ்க், பெட்டி, லாரி, கிடங்கு எல்லாம் சேர்த்து 4. தோராயமான கணக்குதான், கேமுக்குக் கேம், நாட்டுக்கு நாடு இது மாறும். ஆனாலும் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். இதே கேம் டிஸ்க் இல்லாமல், இணையம் வழியாக நேரே வீட்டிலுள்ள கன்சோலில் வந்து இறங்கினால் என்ன ஆகும்? கடைக்காரரின் 15 டாலர் மிச்சம். சரக்கு திரும்பி வரும் பேச்சே கிடையாது என்பதால் 7 மிச்சம். டிஸ்க்கும் லாரியும் வேண்டாம் என்பதால் 4 மிச்சம். ஆக 26 டாலர். கன்சோல் நிறுவனத்தின் ஆன்லைன் கடை வழக்கமாக எடுக்கும் கமிஷன் 30%, அதாவது 18 டாலர். மீதி 42 டாலர் வெளியீட்டாளருக்கு. பழைய கணக்கோடு ஒப்பிட்டால் கன்சோல் நிறுவனத்துக்கு 11 டாலரும் வெளியீட்டாளருக்கு 15 டாலரும் கூடியிருக்கிறது. மிச்சமான 26 டாலரும் இந்த இரண்டு பேருக்குள்ளேயே பங்கு பிரிந்துவிட்டது. வாங்குகிறவர் அதே 60 டாலரைத்தான் கொடுக்கிறார்.

அதற்குப் பிறகு புதிய கேம்களின் விலை 70 டாலராகி, 2025இல் 80 டாலரையும் தொட்டுவிட்டது. பங்கீட்டின் தன்மை மட்டும் மாறவில்லை. டிஸ்க்கும் பெட்டியும் இல்லாத கேம் பெரும்பாலும் அவை இரண்டும் உள்ள கேமின் விலைக்கே வெளியாகிறது. சில மாதங்கள் கழிந்த பிறகு பார்த்தால் பல கேம்கள் கடையில் டிஸ்க்காக மலிந்திருக்கும். டிஜிட்டலில் பழைய விலையிலேயே நிற்கும். ஏன் என்று கேட்டால் சர்வர் செலவு, தயாரிப்புச் செலவு என்று பதில் வரும். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. டிஜிட்டல் கேமின் விலையை முடிவு செய்பவை இரண்டே விஷயங்கள்: அதை விற்க எத்தனை கடைகள் இருக்கின்றன, வாங்கியதைத் திருப்பி விற்க முடியுமா. கன்சோல் உலகில் கடை ஒன்றே ஒன்று; திருப்பி விற்க வழியே இல்லை. அடைத்து வைத்த சந்தையில் விலை இறங்காமல் இருப்பதில் வியப்பில்லை. அதைச் செலவின் பெயரால் நியாயப்படுத்துவதைத்தான் எதிர்க்க வேண்டியிருக்கிறது.

செலவுதான் காரணமென்றால், ஒரே பொருளுக்கு எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒரே வித்தியாசம் இருக்க வேண்டும். நின்டெண்டோ நிறுவனம் தன் ஸ்விட்ச் 2 கன்சோலை 2025 ஜூன் 5 அன்று வெளியிட்டபோது கூடவே வந்த முக்கியமான கேம் ‘மரியோ கார்ட் வேர்ல்டு’. ஐரோப்பாவில் அதன் விலை, டிஸ்க்குக்குப் பதிலான கார்டாக வாங்கினால் 89.99 யூரோ, பதிவிறக்கினால் 79.99 யூரோ. பிரிட்டனில் 74.99 பவுண்டு, 66.99 பவுண்டு. ஜப்பானில் 9,980 யென், 8,980 யென். அமெரிக்காவிலோ எப்படி வாங்கினாலும் 79.99 டாலர். கார்டு ஒன்றுதான், அதற்குள் இருக்கும் கேமும் ஒன்றுதான். கார்டு தயாரித்துக் கடைக்கு அனுப்ப ஆகும் கூடுதல் செலவு 1,000 யென் பெறும் என்று ஜப்பானிய வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொண்ட நிறுவனம், அமெரிக்க வாடிக்கையாளரிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் தனக்குக் கிடைக்காத கார்டுக்கும் பெட்டிக்கும் சேர்த்தே பணம் கட்டினார். கன்சோலை விற்றுத்தர பெரிய சங்கிலிக் கடைகளின் தயவு தேவைப்படும் சந்தையில், அந்தக் கடைகளைவிட விலை குறைத்து விற்று அவற்றைப் பகைத்துக்கொள்ள எந்த நிறுவனமும் தயங்கும். எனக்குத் தெரிந்து இதற்குப் பொருந்தும் விளக்கம் அதுதான். எப்படிப் பார்த்தாலும், அந்தந்த ஊர்ச் சந்தையில் யாருடைய கை ஓங்கியிருக்கிறது என்பதைத்தான் இந்த நான்கு விலைப்பட்டியல்களும் காட்டுகின்றன.

டிஸ்க்கின் விலை எப்படி இறங்குகிறது என்பதைக் கவனித்தால் மற்றது தானாகப் புரியும். கடைக்காரர் நூறு டிஸ்க்கை மொத்தமாக எடுத்து வைக்கிறார். முதல் மாதத்தில் அறுபது போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி நாற்பதில் அவருடைய முதல் முடங்கிக் கிடக்கிறது. அடுத்த வாரம் புதிய கேம் வருகிறது, அலமாரியில் இடம் வேண்டும். தன் லாபத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து விலையைக் குறைக்கிறார். எதிர்க்கடைக்காரர் அதைப் பார்த்து இன்னும் ஐம்பது ரூபாய் குறைக்கிறார். ஆன்லைன் விற்பனைத் தளங்கள் பண்டிகைத் தள்ளுபடி அறிவிக்கின்றன. இதற்கு நடுவே முதல் வாரத்தில் வாங்கியவர்கள் விளையாடி முடித்துவிட்டுத் தங்கள் டிஸ்க்கை செகண்ட் ஹேண்டில் விற்கத் தொடங்குகிறார்கள். அந்தப் பழைய டிஸ்க் புதிய டிஸ்க்கின் விலையைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. இதில் எதற்கும் கேமை வெளியிட்ட நிறுவனத்தின் அனுமதி தேவையில்லை. டிஜிட்டலில் இந்த இயக்கத்தின் ஒரு கண்ணிகூடக் கிடையாது. முடங்கும் முதல் இல்லை, அடைபடும் அலமாரி இல்லை, எதிர்க்கடை இல்லை, பழைய பிரதி இல்லை. விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்கும் ஒரே ஒரு ஆள்கூட அந்தச் சந்தையில் இல்லை.

ஒரு காலத்தில் பாதி ஆளாவது இருந்தார். கேமைப் பதிவிறக்குவதற்கான குறியீட்டு எண்ணை அட்டையாக அச்சிட்டு வெளிக்கடைகள் விற்றுவந்தன; அதற்குத் தள்ளுபடியும் தந்தன. பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி நிறுவனம் 2019 ஏப்ரலில் முழு கேம்களுக்கான அத்தகைய குறியீடுகளை வெளிக்கடைகள் விற்பதை நிறுத்தியது. அன்றிலிருந்து முழு கேம் வாங்கக் கடைகளில் கிடைப்பது சோனியின் சொந்தக் கடையில் செலவழிக்கப் பயன்படும் பண அட்டைகள் மட்டுமே. விலை சொல்லும் உரிமை முழுக்க ஓரிடத்துக்குப் போய்விட்டது. 2021இல் கலிஃபோர்னியாவில் சோனி மீது நுகர்வோர் தொடுத்த வழக்கின் மையமே இந்த முடிவுதான். பிரிட்டனில் நுகர்வோர் உரிமைச் செயல்பாட்டாளர் அலெக்ஸ் நீல் 2022இல் தொடுத்த வழக்கு, 30% கமிஷனால் கூடுதலாகப் பணம் கட்டிய லட்சக்கணக்கானோருக்கு 500 கோடி பவுண்டு வரை இழப்பீடு கேட்கிறது. அது விசாரணைக்கு உரியதுதான் என்று போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 நவம்பரில் அனுமதித்தது. நெதர்லாந்தில் 2025இல் இதேபோன்ற நடவடிக்கையை அறிவித்த நுகர்வோர் அறக்கட்டளை, டிஸ்க்கைவிட டிஜிட்டல் கேமுக்கு டச்சு மக்கள் சராசரியாக 47% கூடுதலாகக் கட்டுகிறார்கள் என்கிறது. வழக்காடும் தரப்பின் கணக்கு என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாதியாகக் குறைத்து எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய கால் பங்கு அதிகம்.

நிறுவனங்களின் தரப்பில் சொல்லப்படுவதில் கனமானது சர்வர் செலவு பற்றிய வாதம். இன்று ஒரு பெரிய கேம் 100 ஜிபியைத் தாண்டுகிறது. கோடிக்கணக்கானோர் அதைத் திரும்பத் திரும்பப் பதிவிறக்குவார்கள். பணப் பரிவர்த்தனைக் கட்டணம், வாடிக்கையாளர் சேவை, மோசடித் தடுப்பு என்று செலவுகள் உண்டு. உண்மைதான். ஆனால் அந்தச் செலவு 30% ஆகும் என்பதற்கு என்ன சாட்சி? மைக்ரோசாஃப்ட் நிறுவனமே எதிர்ச்சாட்சி சொல்கிறது. கணினிகளுக்கான தன் கேம் கடையில் 30% ஆக இருந்த கமிஷனை 2021 ஆகஸ்டிலிருந்து அது 12% ஆகக் குறைத்தது. கணினியில் ஸ்டீம் இருக்கிறது, 12% மட்டுமே எடுக்கும் எபிக் கடை இருக்கிறது, இன்னும் பல கடைகள் இருக்கின்றன. அவற்றோடு மோத வேண்டியிருந்ததால் குறைத்தது. அதன் எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் போட்டிக்கடை கிடையாது. அங்கே 30% அப்படியே நீடித்தது. அதே நிறுவனம்தான், கேமைச் சேமித்து வைத்து அனுப்பும் அதே வேலைதான். இடையிலுள்ள 18 புள்ளிகளை சர்வர் செலவு என்று சொல்லிவிட முடியாது.

அடுத்த வாதம், கன்சோலை நட்டத்துக்கு விற்று அதைக் கேம்களில் ஈடுகட்டுகிறோம் என்பது. இது பழைய வியாபார முறை, அதில் தவறில்லை. இப்போதைய நிலைமைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்பதுதான் சந்தேகம். டிஸ்க் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கன்சோலை இனி நட்டத்துக்கு விற்கவில்லை என்று சோனியே 2021 ஆகஸ்டில், அது வெளியான ஓராண்டுக்குள்ளேயே, அறிவித்தது. முந்தைய தலைமுறைகளில் கன்சோலின் விலை வயதாக ஆகக் குறையும். பிஎஸ்5 விலை பிரிட்டனில் 2022 ஆகஸ்டில் 449.99 பவுண்டிலிருந்து 479.99 ஆகவும், அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் 499.99 டாலரிலிருந்து 549.99 ஆகவும் ஏறியது. கன்சோலுக்கும் கூடுதல் விலை, கேமுக்கும் பழைய விலை என்றால் எந்த நட்டத்தை எது ஈடுகட்டுகிறது? கேம் உருவாக்கும் செலவு மலைபோல் ஏறிவிட்டது என்பதையும் மறுக்கவில்லை. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ உருவாக்க 22 கோடி டாலர் ஆனது என்பது 2023இல் அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிப்பட்டது. அந்தச் செலவு டிஸ்க்குக்கும் டிஜிட்டலுக்கும் பொது. இரண்டின் விலையும் ஏன் உயர்ந்தது என்பதற்கு அது காரணமாகலாம். இரண்டுக்கும் இடையே ஏன் வித்தியாசமே இல்லை என்பதற்கு ஆகாது.

டிஜிட்டலில்தான் பெரிய தள்ளுபடிகள் வருகின்றன, வருடத்தில் பலமுறை 60, 70 சதவீதம்கூடக் குறைக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரி. காத்திருக்கத் தெரிந்தவருக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது விற்பவர் தாமாகப் பார்த்துத் தருவது. எந்தக் கேமுக்கு, எந்த வாரம், எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்கிறார். தள்ளுபடி முடிந்த மறுநாள் பழைய விலை திரும்பிவிடும். போட்டியால் இறங்கிய விலை அப்படி மனம்போல் ஏறுவதில்லை. மாதச் சந்தா முறைக்கும் இது பொருந்தும். மலிவு என்று பேரெடுத்த எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் சந்தாவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் அமெரிக்காவில் மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99 ஆக ஒரே தாவலில் உயர்த்தியது. டிஸ்க் வசதி இல்லாத எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வைத்திருப்பவருக்குச் சந்தாவிலிருந்து விலகினால் போக இன்னொரு கடை கிடையாது.

மக்களே வசதியை விரும்பித்தானே டிஜிட்டலுக்குப் போகிறார்கள், விரும்பியதற்கு விலை கொடுக்கட்டுமே என்ற வாதம்தான் மீதமிருப்பவற்றில் வலுவானது. சோனியின் கணக்குப்படியே பிளேஸ்டேஷனில் விற்கும் முழு கேம்களில் எழுபது சதவீதத்துக்கும் மேல் இப்போது டிஜிட்டல்தான். எழுந்து போய் டிஸ்க்கை மாற்ற வேண்டாம், கீறல் விழாது, நள்ளிரவில் வெளியானதும் விளையாடலாம். இந்த வசதிக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனில் பறிபோனதற்கும் மதிப்புப் போட வேண்டும். டிஸ்க் வாங்கியவர் அதை விற்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம், நண்பருடன் மாற்றிக்கொள்ளலாம். டிஜிட்டலில் வாங்கியவருக்கு இருப்பது விளையாடும் அனுமதி மட்டுமே. அப்படிப்பட்ட இடங்களில் ‘வாங்கு’ என்ற பொத்தானை வைப்பதானால் இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் எனக் கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே இயற்றியது. 2025 ஜனவரி முதல் அது அமலில் இருக்கிறது. யுபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டதும், காசு கொடுத்து வாங்கியவர்களின் கணக்கிலிருந்து அதன் உரிமம் நீக்கப்பட்டது. அந்தக் கேமை டிஸ்க்காக வைத்திருந்தவர்களாலும் விளையாட முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சர்வரை நம்பியிருக்கும் கேமுக்கு டிஸ்க் பாதுகாப்பாகாது. மற்ற கேம்களுக்கு அது இன்னமும் பாதுகாப்புதான்.

மறுவிற்பனைக்கு நீதிமன்றங்களும் கைகொடுக்கவில்லை. ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு எதிராக பிரான்சின் நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், வாங்கிய டிஜிட்டல் கேமை விற்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்று 2019 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது; 2024 அக்டோபரில் பிரான்சின் உச்ச நீதிமன்றம் ரத்தையே உறுதிப்படுத்தியது. டிஜிட்டல் பிரதி தேயாது, பழையதும் புதியதும் ஒன்றே, விற்க அனுமதித்தால் புதியதை யார் வாங்குவார்கள் என்பது நிறுவனங்களின் அச்சம். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. சிறிய கேம் நிறுவனங்களை அது முதலில் பாதிக்கும். ஆனால் கேம் வெளியாகி ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்த பிறகு மட்டும் கைமாற்றலாம், ஒவ்வொரு கைமாற்றத்திலும் வெளியீட்டாளருக்கு ஒரு பங்கு போகும் என்று விதி வைக்க முடியும். கடைகளில் கைமாறும் பழைய டிஸ்க்கில் வெளியீட்டாளருக்குப் பத்துப் பைசாகூடக் கிடைப்பதில்லை; இதில் கிடைக்கும். இதைப் பேசவே மறுப்பவர்களின் கவலை சிறிய நிறுவனங்களைப் பற்றியதுதானா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

மிச்சமான பணத்தை வாங்குகிறவரோடு பகிர்ந்துகொண்டால் தொழில் படுத்துவிடாது என்பதற்கு உதாரணம் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. ஃபின்லாந்தின் ரெமெடி நிறுவனம் உருவாக்கிய ‘ஆலன் வேக் 2’ 2023 அக்டோபரில் டிஸ்க் இல்லாமல் வெளியானது. போட்டியாளர்கள் 70 டாலர் வாங்கிக்கொண்டிருந்தபோது கன்சோலில் 59.99 டாலர், கணினியில் 49.99 டாலர் என்று விலை வைக்கப்பட்டது. டிஸ்க்கைத் தவிர்த்ததால்தான் இந்த விலைக்குத் தர முடிகிறது என்று ரெமெடி வெளிப்படையாகவே சொன்னது. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்டின் ‘ஹெல்பிளேடு 2’ டிஜிட்டலாக மட்டும் 49.99 டாலருக்கு வந்தது. மனம் இருந்தால் முடிகிறது. ஆனால் நுகர்வோர் இன்னொருவர் மனதை நம்பி இருக்க வேண்டிய நிலையே சரியில்லாதது.

இந்தியாவில் இந்தக் கணக்கு இன்னும் உறைக்கும். 2021இல் பிஎஸ்5 இங்கே விற்பனைக்கு வந்தபோது டிஸ்க் வசதியுள்ளது 49,990 ரூபாய், வசதி இல்லாத டிஜிட்டல் எடிஷன் 39,990 ரூபாய். பத்தாயிரம் மிச்சம் என்று தோன்றும். சோனியின் புதிய கேம் அப்போது 4,999 ரூபாய். டிஸ்க்காக வாங்கி, விளையாடி முடித்துப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டாலே 2,500 ரூபாய் கைக்குத் திரும்பும். நான்கே கேம்களில் அந்தப் பத்தாயிரம் வந்துவிடும். அதற்கு மேல் வருவதெல்லாம் டிஸ்க் வைத்திருப்பவரின் லாபம், டிஜிட்டல் எடிஷன் வாங்கியவரின் இழப்பு. மலிவான கன்சோலை வாங்கியவர்தான், அதாவது பெரும்பாலும் கையைச் சுருக்கிச் செலவு செய்கிறவர்தான், விலை இறங்காத கடையில் மாட்டிக்கொள்கிறார். இப்போது விலை உயர்ந்த கன்சோலிலும் அந்த வாசல் அடைபடுகிறது. 2024 நவம்பரில் 699.99 டாலருக்கு வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் வசதி கிடையாது. வேண்டுமானால் தனியே 79.99 டாலர் கொடுத்து வாங்கி இணைத்துக்கொள்ள வேண்டும். ஸ்விட்ச் 2இல் பல கேம்கள் ‘கேம் கீ கார்டு’ என்ற பெயரில் வருகின்றன: கார்டைச் செருகினாலும் கேமை இணையத்திலிருந்து பதிவிறக்கித்தான் ஆக வேண்டும். அந்தக் கார்டை விற்கவாவது முடியும் என்பது மட்டும் ஆறுதல். பிரிட்டனின் பெயர்பெற்ற கேம் கடைச் சங்கிலியான ‘கேம்’, பழைய டிஸ்க்கை எடுத்துக்கொள்வதை 2024 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. டிஜிட்டல் விலையைக் கொஞ்சமாவது கட்டுக்குள் வைத்திருந்தது பக்கத்தில் இருந்த டிஸ்க்தான். அது மறைந்த பிறகு விலையைப் பற்றிக் கேட்க ஒப்பிடும் பொருள்கூட இருக்காது.

அரசு கேமுக்கு விலை நிர்ணயிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 3,000 ரூபாயா 5,000 ரூபாயா என்பதைச் சந்தைதான் சொல்ல வேண்டும். சந்தை என்ற ஒன்று இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. பதிவிறக்கக் குறியீடுகளை வெளிக்கடைகளும் இணையத் தளங்களும் விற்க மறுபடி அனுமதித்தாலே பாதிச் சிக்கல் தீரும். 2019க்கு முன்பு நடந்ததுதான் அது, புதிதாக எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. இந்தியப் போட்டி ஆணையத்துக்கு இந்த வகை வழக்கு புதிதும் இல்லை. பிளே ஸ்டோரில் தன் பணம் செலுத்தும் முறையையே கட்டாயமாக்கியதற்காக 2022 அக்டோபரில் கூகுள் நிறுவனத்துக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணையம் அது. மேல்முறையீட்டில் தொகை குறைந்தாலும், சாதனத்தின் கதவைக் கையில் வைத்திருப்பவர் கடையையும் தன்வசம் வைத்து விதி வகுப்பது விசாரணைக்கு உரியது என்பது அங்கும் நின்றது. செல்பேசிக்குக் கேட்ட அதே கேள்வியைக் கன்சோல் கடைகளிடமும் கேட்க 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில், ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 4ஆம் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. யாரும் புகார் கொடுக்காவிட்டாலும் ஆணையம் தானாக முன்வந்து விசாரிக்கலாம்.